ஸ்காட்ச் மூக்கு

தாணுலிங்கத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, அரிசி, கயிறு, பெயிண்ட் என்று கேட்டதையெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கம்பெனியில் முப்பது வருடமாக வேலை. சாமான் சரியாக வந்துசேர்ந்தது என்று கையெழுத்துப் போடும் நேரத்தில் சில கேப்டன்கள் அலமாரியைத் திறந்து இரண்டு விரல் அளவுக்கு ஊற்றிக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் மரியாதையில்லை என்பது தாணுலிங்கத்தின் கட்சி. இப்படிக் கிரேக்கக்காரன், நார்வேக்காரன், உக்ரைன்காரன் என்று பல தேசத்தாரின் மரியாதையைக் காப்பாற்றிக் காப்பாற்றி, ஸ்காட்ச் விஸ்கி விஷயத்தில் அவர் ஒரு பெரிய கையாகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அதனால் பேச்சிராஜாவின் ஐஸ் கம்பெனிக்கும் அன்று லீவு. மத்தியானம் அதன் மாடியில் நான்கு பேர் கூடுவார்கள். பேச்சிராஜா, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் சுடலைக்கண்ணன், இழுவைப்படகில் வேலை பார்க்கும் கிருபை, தாணுலிங்கம். பாதி நேரம் குடிப்பார்கள். மீதி நேரம் குடிப்பது எது என்று சண்டை போடுவார்கள்.

"ஸ்காட்ச்ங்கது பார்லிவே," என்பார் தாணுலிங்கம். "பார்லிய முளைக்க வச்சு, சதுப்பு மண்ண வெட்டி எரிச்சு அந்தப் புகையில காயவச்சு, மரப்பீப்பாயில பன்னெண்டு வருசம் தூங்கப் போடுதான். உம்ம குவார்ட்டர் என்ன? கரும்புக் கழிவுல எறக்குன சாராயத்துல கலரை ஊத்துனது."

சுடலைக்கண்ணன் குவார்ட்டர் பாட்டிலைத் தவிர வேறெதையும் தொடாதவர். "பன்னெண்டு வருசம் தூங்குனாலும் எங்க வயித்துல போயி பத்து நிமிசத்துல முழிச்சிருதுல்லா? பொறவு எதுக்கு அவ்வளவு நேரம் தூங்குச்சு?" என்பார்.

பேச்சிராஜாவுக்குத் தனிக்கொள்கை உண்டு. அட்டைப்பெட்டி கனமாக இருந்தால் உள்ளே இருப்பதும் நல்லது. கிருபை எந்தப் பக்கமும் சேரமாட்டார். நெத்திலி மொறுமொறுப்பாக இருந்தால் அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

சண்டை எப்படிப் போனாலும் தீர்ப்பு தாணுலிங்கத்துடையது. துபாயிலிருந்து யாராவது ஒரு பாட்டில் கொண்டுவந்தால் முதல் கிளாஸ் அவர் கைக்குப் போகும். கண்ணை மூடி, மூக்கைக் கிளாசுக்குள் விட்டு, "லேசாப் புகை... அதுக்குப் பின்னால கடல்பாசி... கடைசியில ஒரு ஆரஞ்சுத் தோலு" என்று அவர் சொல்லச் சொல்ல மற்ற மூவரும் ஆரஞ்சுத் தோலைத் தேடுவார்கள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம் தாணுலிங்கத்துக்குக் கொரோனா வந்தது. இரண்டு வாரத்தில் எழுந்துவிட்டார். மூக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை. மல்லிகைப்பூ, மண்ணெண்ணெய், மீன் ஏலக்கூடம் எல்லாம் அவருக்கு ஒரே மாதிரி, அதாவது ஒன்றுமே இல்லை. டாக்டர், "தானா வரும்" என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

குணமான பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பேச்சிராஜா கனமான பெட்டி ஒன்றைத் திறந்தார். தாணுலிங்கம் கிளாசை முகர்ந்தார். காற்று. ஒரு வாய் குடித்தார். மிளகாய்த்தூள் கரைத்த வெந்நீர் தொண்டையில் இறங்கியது. மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், "லேசாப் புகை..." என்று வந்துவிட்டது.

"ஆமாமா," என்றார் பேச்சிராஜா. "அதான் எனக்கும் தோணுச்சு."

அன்று தொடங்கிய பொய் எட்டு மாதம் ஓடியது. போகப்போக அவருக்கே தைரியம் கூடி, காய்ந்த திராட்சை, தேன், புதுச்செருப்பு என்று வாசனைகளை அள்ளிவிட்டார். முன்பைவிட இப்போது நன்றாகச் சொல்கிறார் என்றுகூடப் பேச்சு வந்தது.

ஜனவரியில் கிருபையின் மகள் டெல்பினுக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பா ஆலந்தலைக்காரர், கப்பலில் என்ஜினியராக இருந்து உலகம் சுற்றியவர். அவர் முன்னால் குறைந்துபோகக் கூடாதென்று கிருபை ஆறு பாட்டில் ஸ்காட்ச் வாங்கியிருந்தார். கப்பலில் இருந்து இறங்கிய சரக்கு என்று யாரோ முகம் தெரியாத ஆள் பாதி விலைக்குக் கொடுத்தது. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே தாணுலிங்கத்திடம் வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு மோந்து பாத்துச் சொல்லிருங்க. நீங்க சரின்னுட்டா எனக்கு நிம்மதி."

தாணுலிங்கம் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐஸ் கம்பெனி மாடியில் ஆரஞ்சுத் தோலைப் பற்றிப் பொய் சொன்னால் யாருக்கும் கேடில்லை. இது ஐம்பது பேர் குடிக்கப்போவது. என்ன கலந்திருக்கிறானோ, யார் கண் போகுமோ!

"இங்க வச்சுட்டுப் போ," என்றார். "ஒரு ராத்திரி அது மூச்சு விடணும்."

"பாட்டிலு மூச்சு விடுமா அண்ணாச்சி?"

"நல்ல சரக்குன்னா விடும்."

மறுநாள் காலை மனைவி வடிவம்மாள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், டம்ளரில் கொஞ்சம் ஊற்றி அடுப்படி மேடையில் வைத்து, தாணுலிங்கம் குனிந்து குனிந்து முகர்ந்தார். இடது துளையை அடைத்துக்கொண்டு வலதால் இழுத்தார், வலதை அடைத்துக்கொண்டு இடதால் இழுத்தார். ஒன்றுமில்லை. மூக்குச் சளி போக வைத்திருந்த தைலத்தைத் தடவிக்கொண்டு மறுபடி குனிந்தபோது வடிவம்மாள் உள்ளே வந்தாள்.

"காலங்காத்தால என்ன செய்யுதிய?"

"ஒண்ணுமில்லளா. கிருபை ஒரு சாம்பிள் குடுத்தான்."

"உங்களுக்குத்தான் வாசனை தெரியாதே. பின்ன என்னத்த மோக்கிய?"

தாணுலிங்கம் நிமிர்ந்துவிட்டார்.

"போன ஆவணியில சாம்பார்ல பெருங்காயம் போட மறந்துட்டேன். 'இன்னைக்குப் பெருங்காய மணம் தெருவுக்கே அடிக்கு'ன்னிய. அன்னைக்கே தெரிஞ்சுட்டு எனக்கு."

"அப்பவே கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா மூஞ்சி வாடிப்போயிரும். அதுவும் போக, எட்டு மாசமா சாப்பாட்டுல ஒரு குத்தம் சொல்லல நீங்க. அத ஏன் நானாக் கெடுத்துக்கிடணும்?"

வடிவம்மாளின் அப்பாவுக்கு உடன்குடியில் கருப்பட்டிக் கடை. பள்ளிக்கூடம் படிக்கிற வயதிலேயே ஓலைப்பெட்டியின் மூடியைத் திறக்காமல், இதில் சீனி கலந்திருக்கிறது, இதில் இல்லை என்று சொல்லிவிடுவாளாம். கடைக்கு வரும் வியாபாரிகள் அவளைப் பார்த்தால் பெட்டியை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்களாம். கல்யாணமான நாளிலிருந்து கேட்ட கதைதான், தாணுலிங்கம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இப்போது டம்ளரை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு தடவைதான் முகர்ந்தாள். "சீ! நம்ம வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடிச்சப்ப ஒரு தண்ணி கலந்தானே, அந்த வாடை. மேல கருகுன சீனி."

தாணுலிங்கம் பீரோவுக்குள் துணிக்கடியில் ஒளித்துவைத்திருந்த நல்ல பாட்டிலை எடுத்துவந்து நீட்டினார். அது அங்கே இருப்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "இது வேற. மழையில நனஞ்ச மரப்பெட்டி, முந்திரிப்பழம், கொஞ்சம் அடுப்புப்புகை. இது ஏமாத்தல."

முப்பது வருடத்தில் எந்தக் கேப்டனும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கிருபையிடம் போனில் ஒரே வார்த்தையில் சொன்னார், ஊற்றாதே என்று. கிருபை கேட்டுக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாடியில் சுடலைக்கண்ணன் விடவில்லை.

"ஆறு பாட்டில கொட்டச் சொல்லுதீரு. உம்ம மூக்க நம்பி எப்படிவே கொட்ட? நான் மூணு கிளாசுல மூணு சரக்கு ஊத்துதேன். எது எதுன்னு சொல்லும் பாப்போம்."

கிளாஸ்கள் வந்தன. நிறத்தில் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. தாணுலிங்கம் முதல் கிளாசை எடுத்தார், கண்ணை மூடினார், லேசாப் புகை என்று சொல்ல நாக்கு தயாராகவும் இருந்தது. ஆனால் எதிரே கிருபை கைகட்டி நின்றார். மகள் நிச்சயத்துக்கு வாங்கியதை இவருடைய ஒரு சொல்லை நம்பிக் கொட்டத் துணிந்த மனுஷன். கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு மூக்கு கெடையாதுவே. போன மே மாசத்தோட போச்சு. ஊத்தாதன்னு சொன்னது எம் பொஞ்சாதி வடிவு."

பேச்சிராஜா அந்தக் கிளாசை எடுத்துத் தானே ஒரு தடவை முகர்ந்து பார்த்தார்.

"அப்ப அந்தத் தேனு?" என்றார் பேச்சிராஜா.

"சும்மா சொன்னேன்."

"புதுச்செருப்பு?"

"அதுவும்."

"எனக்குச் செருப்பு வாசன நல்லாத் தெரிஞ்சுதே!" பேச்சிராஜாவுக்குத் தாங்கவில்லை.

சுடலைக்கண்ணன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்து, "வாங்க, உண்மையான மூக்குகிட்டப் போவோம்" என்று மூன்று கிளாசையும் மூடி போட்ட டப்பாக்களில் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வடிவம்மாள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நான்கு ஆம்பிளைகள் டப்பாவோடு நிற்பதைப் பார்த்து முறைத்தாள். "வீட்டுக்குள்ள ஒரு சொட்டுக் குடிக்கப்படாது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவி வந்தாள்.

முதல் டப்பா: "அன்னைக்கு வந்த அதே பெயிண்டுத் தண்ணி."

இரண்டாவது பேச்சிராஜாவின் கனமான பெட்டிச் சரக்கு. "நல்லதுதான். ஆனா ரொம்ப நாளு தெறக்காத பீரோ மாதிரி இருக்கு."

மூன்றாவது சுடலைக்கண்ணனின் குவார்ட்டர். அவர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இது மட்ட வெல்லம் காய்ச்சுன வாடை. வேற ஒண்ணும் இல்ல. மட்டம்தான், ஆனா தன்ன மட்டம்னு ஒத்துக்கிடுது."

"கேட்டியளா! கேட்டியளா!" சுடலைக்கண்ணனுக்கு உலகக்கோப்பை வாங்கின மாதிரி. அந்த வாக்கியத்தில் 'மட்டம்' இரண்டு தடவை வந்ததை அவர் இன்றுவரை கணக்கில் எடுக்கவில்லை.

ஆறு பாட்டிலையும் யாரும் குடிக்கவில்லை. சுடலைக்கண்ணன் ஆபீஸ் இரும்புக் கேட்டில் தேய்த்துப் பார்த்தார். பழைய பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. நிச்சயத்துக்கு அரசுக் கடையில் நல்லதாகப் பார்த்து வாங்கினார்கள். ஆலந்தலைச் சம்பந்திக்கோ சர்க்கரை நோய். இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு நெத்திலியைப் பாராட்டிப் போனார். கிருபைக்குப் பரம சந்தோஷம்.

அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து என்றால் ஆட்கள் தாணுலிங்கத்தின் வீட்டு வாசலில் பாட்டிலோடு நிற்பதும், "அக்கா இருக்காவளா?" என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது. தாளிப்பு போடுவதற்கு முன்னால் வந்தால் முகர்ந்து பார்ப்பாள். பிந்தி வந்தால் மறுநாள்தான். இதுவரை நாக்கில் ஒரு சொட்டு வைத்ததில்லை.

முதலில் தாணுலிங்கத்துக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. போன மாதம் ஒரு கிரேக்கக் கப்பலில், பழைய சிநேகிதரான கேப்டன் ஊற்றிக் கொடுத்து எப்படி என்று கேட்டார். தாணுலிங்கம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மூக்கு போன கதையையும் மனைவி கதையையும் ஒளிக்காமல் சொன்னார். கேப்டன் கண்ணில் நீர் வரச் சிரித்து, மேடத்துக்கு என்று ஒரு காபித்தூள் பொட்டலம் கொடுத்தனுப்பினார்.

வடிவம்மாள் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தாள். "சிக்கரி இல்ல. நல்ல மனுசன்."

இரண்டு டம்ளரில் காபி வந்தது. அவருக்குச் சூடு தெரிந்தது, கசப்பு தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"எப்படிளா இருக்கு? சொல்லு."

அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் சொல்ல ஆரம்பித்தாள்.