பச்சைத் துணிக்குள் கிரேக்கக் கதைகள்

என் அத்தா தாவூதைத் தருமபுரியில் பழைய பேப்பர் கடை பாய் என்றால்தான் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கடை. பள்ளிக்கூட நோட்டு, செய்தித்தாள், வக்கீல் ஆபீஸ் கட்டு எல்லாவற்றையும் நிறுத்து வாங்கி, கடலை வறுப்பவர்களுக்கும் மளிகைக் கடைகளுக்கும் நிறுத்துக் கொடுப்பார். அந்தக் காகிதத் தூசுதான் நெஞ்சில் படிந்துவிட்டதென்று டாக்டர் சொன்னார். எண்பத்தைந்தாம் வருடம் மழைக்காலத்தில் இறந்துபோனார். அவரைப் பற்றிச் சொல்ல ஊரிடம் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. இருப்பதாக அது நினைப்பது வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரக் காப்பித் தோட்டக்காரரின் பங்களாவைக் காலி செய்தபோது ஒரு லாரிக் காகிதம் அத்தாவிடம் வந்தது. அப்போது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அதில் கனத்த அட்டையும் பொன்னிற எழுத்துமாக, கிரேக்கக் கதைகள் சொல்லும் ஒரு குழந்தைப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு வண்ணப் படத்தின் மேலும் வெங்காயத் தோல் போல ஒரு மெல்லிய தாள். அதைத் தூக்கினால் கடலுக்கு மேலே, முதுகில் இறக்கை கட்டிய ஒரு பையன். இறகுகள் உதிர்ந்துகொண்டிருந்தன. முன்னால் பறந்துபோகும் தகப்பன் திரும்பிப் பார்க்கிறான்.

"கீழ என்னா எழுதியிருக்கு, படி வஹிதா."

படித்து, தெரிந்தவரை சொன்னேன். சூரியனுக்குக் கிட்டே போனதால் மெழுகு உருகிவிட்டது என்றேன். அத்தா அந்தப் பக்கத்தை மூடவில்லை.

"அப்பன்காரன் இன்னும் பாக்கல பாரு. திரும்பறான், ஆனா பையன் விழுறது அவன் கண்ணுல இன்னும் படல. அந்த நேரத்தப் புடிச்சு வரைஞ்சிருக்கான்" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கதைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. ஐந்தாவது வரை படித்தவர், ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனாலும் பெங்களூர் பழைய புத்தகக்காரர்களிடமும், சேலத்திலும், கிருஷ்ணகிரியில் மிஷன் பங்களா சாமான்கள் ஏலம் போகும் இடத்திலும் போய் நின்று கேட்பார். கிரீக் கதை, சின்னப் பசங்க படிக்கிறது, கலர் படம் இருக்கணும், வெள்ளைக்காரன் காலத்துப் பழசா இருக்கணும். வேறு கதைப் புத்தகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடலைக்காரருக்குத்தான். ஒரு பெங்களூர்க்காரர், "ஏன் பாய், பேரனுக்கா?" என்று கேட்டதற்கு, "இல்லீங்க, எனக்குத்தான். நான் இன்னும் பெரியவனாகல" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே கதையை நாலைந்து புத்தகங்களில் திறந்து பாய் மேல் வரிசையாகப் பரப்புவார். பாம்புக் கூந்தல்காரி ஒன்றில் கிழவி, ஒன்றில் குமரி, ஒன்றில் அழுதுகொண்டிருப்பாள். மாதுளம்பழம் தின்றதால் பாதாளத்திலேயே தங்கிப்போன பெண்ணுக்கு ஒரு ஓவியன் நீலச் சேலை மாதிரி உடுத்திவிட்டிருப்பான், இன்னொருவன் பாதி உடம்பை மூடாமலே விட்டிருப்பான். அந்தப் படத்தின் மேல் அம்மா வந்து ஒரு கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போவாள். அம்மா ரஹமத் பீவிக்கு அவ்வளவுதான் எதிர்ப்பு.

எதிர்த்தவர் முனாப் பெரியத்தா, அத்தாவின் அண்ணன். காரிமங்கலத்தில் தோல் வியாபாரம். எங்கள் பள்ளிவாசல் கமிட்டியிலும் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் வந்துவிட்டார். பாய் நிறைய சாமிகளும் துணியில்லாத பெண்களும்.

"என்னாடா இது? கடையில நிறுத்துப் போட வேண்டியத வூட்ல பரப்பி வெச்சிருக்க. தொழுவுற வூடுடா இது. உருவப்படம் இருக்கற வூட்ல வானத்து மலக்குங்க வருவாங்களா?"

"மூடிட்டா படம் தெரியாதுண்ணே."

"மூடினா போதுமா? பொணத்தக்கூடத்தான் மூடறோம். வூட்ல வெச்சுக்கறோமா?"

அத்தா அண்ணனுக்கு எதிரே குரல் உயர்த்தியதே கிடையாது. எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டுபோய் எடைக்குப் போட்டுவிட்டதாக அடுத்த வாரம் சொல்லிவிட்டார். உண்மையில் என் நிக்காஹுக்கு வாங்கி மிஞ்சியிருந்த பச்சை சாட்டின் துணியில் அம்மாவை உறை தைக்கச் சொன்னார். புத்தகங்களை மூட்டை மூட்டையாகக் கட்டிச் சுவர் அலமாரியின் மேல் தட்டில் ஏற்றினார். குர்ஆன் அதற்கும் மேலே மாடத்தில் தனியாக இருந்தது.

அதன்பிறகு ஒருவரும் கை வைக்கவில்லை. பச்சைத் துணியைப் பார்த்ததும் மார்க்கக் கிதாபுகள் என்று தாங்களே எண்ணிக்கொண்டார்கள். கை கால் முகம் கழுவி ஒளு செய்யாமல் யார் தொடுவார்கள்? பெரியத்தா அடுத்த முறை வந்து பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். தன் பேச்சைக் கேட்டுத் தம்பி திருந்திவிட்டான், இப்போது தீன் கிதாபுகள் சேர்க்கிறான் என்று காரிமங்கலம் வரை சொன்னார். அத்தா மறுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருமல் வரும்வரை சிரித்தார்.

படுக்கையில் விழுந்த பிறகு என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அதெல்லாம் உனக்கு. பிரிக்காத, விக்காத. ஒரே கதைய அஞ்சு பேரு பாத்தது அது. ஒண்ணு போனாலும் மத்தது செத்துரும்." அப்போது அரூரில் நானும் என் வீட்டுக்காரரும் ஒற்றை அறையில் குடியிருந்தோம், அத்தனை புத்தகம் வைக்க இடமில்லை. அத்தா இறந்து சில நாட்களில் வேறு வீடு கிடைத்தது. நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு அரூரிலிருந்து பஸ் ஏறியபோது, காலி டிரங்குப் பெட்டி ஒன்றைக் கூரை மேல் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சுண்ணாம்பு வாடை அடித்தது. பாத்திஹாவுக்காகச் சுவரெல்லாம் வெள்ளையடித்திருந்தார்கள். அலமாரியின் மேல் தட்டு காலியாக இருந்தது.

பெரியத்தா எதிரே வந்து என் தலையில் கை வைத்தார். "கரையான் ஏறிருச்சும்மா. மூட்டை ஓரமெல்லாம் மண்ணு. பிரிச்சா ஏடு உதிர்ந்து காலடியில விழுந்துருமேன்னு பிரிக்கவே இல்ல. ஒளு செஞ்சுட்டு நானே தலையில சுமந்து போனேன். ஒரு மூட்டையக்கூட அடுத்தவன் கையில குடுக்கல. பள்ளிவாசல் பின்னாடி பாழுங்கெணறு இருக்கில்ல, பழைய கிதாபெல்லாம் எறக்குறது, அதுல பிஸ்மி சொல்லி கண்ணியமா எறக்கிட்டேன்."

எடைக்குப் போடச் சொன்ன அதே மனிதர்தான். இப்போது ஒரு தாள்கூடக் கீழே விழாமல் சுமந்துபோயிருக்கிறார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பொய்யில்லாத கண்ணீர்.

"பெட்டி எதுக்கும்மா?"

"அம்மா துணி வெக்கறதுக்குங்க பெரியத்தா."

வேறென்ன சொல்வது? உண்மையைச் சொன்னால், மார்க்க ஏடுகள் கிடக்கும் கிணற்றில் சாமிப் படங்களைப் போட வைத்தவர் என்று அத்தாவின் பேர் ஜமாஅத்தில் சந்தி சிரிக்கும். கபருக்கு வந்து துவா செய்கிறவர்கள்கூட நின்றுவிடுவார்கள். நான் கிணற்றடிக்குப் போகவும் இல்லை.

அம்மா உள்ளறையில் இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள், திரைக்கு அப்பால் ஆண்கள் வந்து போவதை எல்லாம் கேட்டபடி உட்கார்ந்திருக்க வேண்டிய நான்கு மாதமும் பத்து நாளும். கொழுந்தன் மச்சான் முன்னால் வரக்கூடாது. ஆனால் பக்கத்து வீட்டு அஸ்கரி பேகம் கூடவே இருந்தாள். ஒரு சொல் சொல்லி அனுப்பியிருக்கலாம்.

"கேட்டுச்சாம்மா, அவங்க எறக்கும்போது?"

"கேட்டுச்சு."

"ஏம்மா தடுக்கல?"

"தடுத்தா பிரிச்சுப் பாப்பாங்க. பிரிச்சா உங்கத்தா என்னா ஆவாரு? அவரு பேரு தங்கட்டும், பொஸ்தவம் போவட்டும்னு வாயைப் பொத்திக்கிட்டேன்."

அவள் கணக்கு சரிதான். அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

பாத்திஹாவில் பெரியத்தா எழுந்து, தன் தம்பி கடைசிக் காலத்தில் கிதாபுகளோடு வாழ்ந்து போனான் என்றார். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். ஊர் இன்றும் அத்தாவை அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறது. அவர் வாழாத ஒரு வாழ்க்கைக்கு ஊரே துவா கேட்கிறது. பாயில் குனிந்து உதிரும் இறகுகளைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு ஒருவரும் இல்லை.

டிரங்குப் பெட்டியில் இப்போது குளிர்காலப் போர்வைகள் இருக்கின்றன. இரண்டு வருடத்தில் படங்கள் எனக்குள் கலைந்துகொண்டு வருகின்றன. அந்தத் தகப்பன் இடது பக்கமாகத் திரும்பினானா, வலது பக்கமா என்று திடீரெனச் சந்தேகம் வந்தது. போன பெருநாளுக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்தப் படம்? அவரு வெச்சிருந்தது கிதாபுடி. இந்த வூட்ல படம் ஏது?"