மூன்றரை மணி போய் வந்த கதை

அந்தச் சிறப்புப் பள்ளியில் ஆசிரியைக்கு எல்லோரும் வைத்திருந்த பட்டப்பெயர் 'மறுபடி டீச்சர்'. அதை முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல், வாயாடி என்று பெயரெடுத்திருந்த ஒரு மாணவிக்கு மட்டும்தான் இருந்தது. வாயாடிக்குப் பதினான்கு வயது. எந்தப் பாடமும் அவளுக்கு மெதுவாகத்தான் ஏறும்; பேச்சில் மட்டும் அவளை யாரும் பிடிக்க முடியாது.

அவளுக்குக் கடிகாரம் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதற்குள் டீச்சருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முழு மணிகள் எப்படியோ வந்துவிட்டன. மூன்றரைதான் மல்லுக்கு நின்றது.

"சின்ன முள்ளு ஏன் நடுவுல நிக்குது? ஏதாவது ஒரு பக்கம் போகச் சொல்லுங்க டீச்சர்!"

டீச்சரிடம் மூன்று பிஸ்கட் டப்பாக்கள் இருந்தன. உள்ளே இருப்பதை மறுபடி எப்போது கேட்பது என்று அவற்றின் மேல் எழுதியிருந்தது: நாளை, அடுத்த வாரம், அடுத்த மாதம். கடிகாரப் படம் போட்ட அட்டையைச் சரியாகச் சொன்னால் அது அடுத்த டப்பாவுக்குப் போகும்; தப்பாகச் சொன்னால் முதல் டப்பாவுக்கே திரும்பும். மூன்றரை இரண்டு மாதம் முதல் டப்பாவிலேயே குடியிருந்துவிட்டு, ஒருவழியாகக் கடைசி டப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. உடனே நீண்ட விடுமுறையும் வந்தது.

பள்ளி திறந்த அன்று டீச்சர் அட்டையை நீட்டினார். வாயாடி உற்றுப் பார்த்தாள். "ஆறு மணி!"

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை உதட்டைப் பிதுக்கினார். "பட்ட பாடெல்லாம் வீணா? விட்டுட்டு வேற ஏதாவது நடத்துங்க."

டீச்சருக்கும் சுருக்கென்றது. வீட்டில் கணவரிடம் புலம்பினார். அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதன்னு என்கிட்ட பத்து வருஷமா சொல்ற. விட்டுட்டியா என்ன?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் அட்டை முதல் டப்பாவிலிருந்து கிளம்பியது. மூன்றாம் நாளே வாயாடி "மூணரை" என்றாள். முன்பு இரண்டு மாதம் பிடித்தது! போகவில்லை, உள்ளே எங்கோ தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கூடத்தில் தலைமையாசிரியை பேசிக்கொண்டே போனார். வாயாடி எழுந்து சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

"மேடம், மணி நாலரை. நாலு மணிக்கே விட்டிருக்கணும்!"

கூடமே சிரித்தது. தலைமையாசிரியை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சத்தமில்லாமல் மைக்கைக் கீழே வைத்தார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை, வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். நாலரைக்கு அவர் இன்னும் அட்டையே போடவில்லை.

வாசலில் வாயாடியைப் பிடித்து நிறுத்தினார். "அடுத்த மாசம் மறுபடி கேப்பேன், தெரியும்ல?"

"கேளுங்க டீச்சர். உங்களுக்கும் வேற வேலை இல்லை, பாவம்."