கொழும்பிலிருந்து ரொறன்ரோ: 14,400 கிலோமீற்றரும் அப்பாவின் திதியும்

அப்பாவின் செத்தவீட்டுக்கு அண்ணாவால் வரமுடியவில்லை. கனடாவில் அவருடைய அகதி வழக்கு அப்போது முடியாமல் கிடந்தது. முதலாம் ஆண்டுத் திவசத்தையாவது இரண்டு பேரும் ஒன்றாக இருந்து செய்யவேண்டும் என்றுதான் போன ஆனியில் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வெளிக்கிட்டேன். அம்மா நாட்காட்டியைப் பார்த்துச் சொன்ன திதி புதன்கிழமை. செவ்வாய் போய் இறங்கி ஒரு நாள் நன்றாக நித்திரை கொள்ளலாம் என்பது என் திட்டம்.

திங்கள் பின்னேரம் 2 மணிக்கு வான். ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகளுக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்றும், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு 1 மணி 25 நிமிடம்தான், 7,500 ரூபா. கொட்டாஞ்சேனைச் சாரதி கனடா எவ்வளவு தூரம் என்று கேட்டார். தூரக் கணக்குப் பைத்தியமான எனக்கு இதைவிட என்ன வேண்டும்! நேர்கோட்டில் சுமார் 14,000 கிலோமீற்றர். டுபாய்க்கு 3,300, அங்கிருந்து 11,100. சுற்றிப் போயும் நானூறுதான் கூட. "அய்யே, அது என்ர வானுக்கு மூண்டு மாச ஓட்டம்" என்றார்.

6.30க்குக் கிளம்பிய விமானம் டுபாய்க்கு 4 மணி 40 நிமிடம் எடுத்தது. கோழிக்கறி தந்தார்கள். திவசத்துக்கு மச்சம், இறைச்சி விட இன்னும் நாள் கிடக்குதே என்று ஒரு பிடி பிடித்தேன். டுபாயில் இறங்கிப் போனைத் திறந்தால் அண்ணா.

"தம்பி, இங்கத்தைப் பஞ்சாங்கத்திலை திதி செவ்வாய்."

யோசித்துப் பார்த்தால் சரிதான். திதி சந்திரன் கணக்கு, உலகம் முழுக்க ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடியும். கொழும்பில் செவ்வாய் பின்னேரம் 5க்குத் தொடங்கிப் புதன் 4 மணிவரை நிற்பது, ஒன்பதரை மணித்தியாலம் பிந்திய ரொறன்ரோவில் செவ்வாய் காலை 7.30க்கே தொடங்கி, புதன் விடிய முடிந்துவிடும். மத்தியானத்தில் திதி நிற்கிற நாளில்தான் எங்களில் படைப்பது. படித்த இரண்டு மடையர்களுக்கும் இது முதலே ஓடவில்லை. அண்ணா ஒழுங்குபடுத்திய ஐயரோ மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு நிற்கமாட்டாராம்.

அடுத்த விமானம் நாற்பது நிமிடம் பிந்தியது. பதினான்கு மணித்தியாலம் தண்ணீரும் பழமும்தான். திரையில் வடதுருவப் பக்கம் ஊர்கிற அந்தச் சின்ன விமானத்தைத் தள்ளிவிட முடியாதா என்று இருந்தது. 10.10க்கு இறங்கி, குடிவரவு வரிசை தாண்டி வெளியே வர 11.35. அண்ணா வேட்டியோடு நின்றார். ஸ்காபரோவில் அண்ணா வீட்டுக்கு நாற்பது நிமிடம். 12.20க்குத் தர்ப்பையை விரலில் போட்டபோது அண்ணா விக்கி விக்கி அழுதார். நானும்தான்.

திவசத்துக்குப் பயணம் போகிறவர்களுக்கு ஒன்று: போகிற ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு ரிக்கற் போடுங்கள். இரண்டு நாளாவது முந்திப் போங்கள். கொழும்பு வீட்டிலிருந்து ரொறன்ரோ வாசல்வரை எனக்கு முப்பத்தொரு மணித்தியாலத்துக்கு மேல்.

நாள் மாறிப்போனதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அண்ணாவுக்கு நடுக்கம். நான்தான் போன் போட்டுச் சொன்னேன். அம்மா சொன்னார்:

"நான் நாளைக்கு இஞ்சை படைக்கிறன். அங்கை மூத்தவன்ரை கையாலை சாப்பிட்டிட்டு, மனுசன் ஆறுதலா வந்து சேரட்டும்."