துரைக்குப் பின்னால்

மோட்டார் சைக்கிளில் கெஸ்கட் எரிவதற்கு எத்தனையோ காரணம் உண்டு. என்னுடையது மரியாதையால் எரிந்தது. வெட்கக்கேடுதான், வேறு எப்படிச் சொல்ல?

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பள்ளிக்கூட மாஸ்டர். பிறந்ததும் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான். எப்படியோ கைக்கு வந்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று என்னிடம் இருந்தது. லயத்துப் பிள்ளை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. என் மனைவி பதுளை டவுன்காரி, தையற்கடைக்காரர் மகள். அவளும் டீச்சர் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தாள். நேர்முகப் பரீட்சைக்குப் பதுளைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை சேலை மடிப்புக் கலையாமல் அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன்.

பங்களா வளைவு தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் தோட்ட மேனேஜர், எங்களுக்குப் பெரிய துரை, நடந்து போய்க்கொண்டிருந்தார். கையில் தடி, கூடவே நாய். வெள்ளைக்காரத் துரைகூட இல்லை. அவர்களெல்லாம் போய், தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, நம் நாட்டு ஆளே துரையாக வந்திருந்த காலம். ஆனால் நான் வளர்ந்த விதம் அப்படி. துரையைக் கண்டால் கொட்டுகிற மழையிலும் குடையை மடக்க வேண்டும். அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். எவ்வளவு அவசரமானாலும் துரையை முந்திப் போகக்கூடாது. படித்துக் கிழித்து மாஸ்டராகி என்ன பயன்? என் கை தானாக எக்சிலேட்டரைக் குறைத்தது.

முதல் கியரில், கிளச்சைப் பாதி பிடித்தபடி, அவர் நடைக்கு நடை ஊர்ந்தேன். துரை நின்று கொழுந்தைப் பார்த்தார், நானும் நின்றேன். நாய் ஒரு கட்டையருகே காலைத் தூக்கியது, அதற்கும் காத்திருந்தேன்.

"என்னங்க, ஹோர்ன் அடிங்களேன்" என்றாள்.

"சும்மா இரு. தொரை போறாரு."

"போகட்டுமே! ரோட்டுல எடமா இல்ல?"

ஏற்றம் முடிவதற்குள் எஞ்சின் கொதித்து, தீய்ந்த எண்ணெய் நாற்றம் வந்தது. பிறகு புஸ், புஸ் என்று ஒரு சத்தம். இழுவை போய், வண்டி அப்படியே படுத்துவிட்டது. துரை திரும்பிக்கூடப் பார்க்காமல் வளைவில் மறைந்தார்.

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டுக்கு ஓடினாள். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பெயர் கூப்பிட்டு முடிந்திருந்தது. கெஞ்சிக் கூத்தாடியதில், தவறியவர்கள் வருகிற வெள்ளிக்கிழமை வரலாம் என்றார்களாம். அதையும் விட்டால் அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டே, "வெள்ளிக்கெழமைக்குள்ள அதைச் செஞ்சி எடுங்க" என்றாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறியில் வண்டியைப் போட்டுப் பதுளைக்குக் கொண்டுபோனோம். அவள் தாய் வீட்டுக்குப் பக்கத்திலேயே முஸ்லிம் நானா ஒருவர் கராஜ் வைத்திருந்தார். ஊரே எட்டிப் பார்க்கும் குரல் அவருக்கு. எஞ்சினின் தலையைக் கழற்றி, சிலிண்டருக்கும் அதற்கும் நடுவே கிடந்த தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதுதான் கெஸ்கட். ஓர் ஓரம் கருகி அறுந்திருந்தது.

"இது ஓடி எரிஞ்சதில்ல மாஸ்டர். நின்டு நின்டு வெந்தீக்கி. எங்க கொண்டுபோய் வண்டிய இப்படி ஊர்ந்துபோக விட்டீங்க? செல்லுங்க."

"ஏத்தம் நானா. பெரிய ஏத்தம்" என்று புளுகினேன்.

"ஏத்தமா? முன்னால தொரை நடந்து போனாரு. அவரு பின்னாலேயே வந்தோம்" என்றாள் என் மனைவி, கடைக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

நானா நட்டுச் சாவியைக் கீழே வைத்துவிட்டார். "தொரை என்ன அடக்கத்துக்குத் தூக்கிப்போற மையத்தா மாஸ்டர், பின்னாலேயே போறதுக்கு?"

கடை சிரித்தது, பக்கத்து ரொட்டிக்கடையும் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. புது கெஸ்கட் எங்கும் கிடையாது. நானா செப்புத் தகடு ஒன்றை எடுத்து, பழையதை மேலே வைத்துக் கோடு கீறி வெட்டினார். அதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டபோது தகடு துணி மாதிரி இளகிப்போனது. ஒட்டியிருந்த கரியைச் சுரண்டி, மண்ணெண்ணெயால் துடைக்கிற வேலையை எனக்குத் தந்தார். தலையை ஏற்றிய பிறகு நட்டுகளை ஒரே பக்கமாக முறுக்காமல், குறுக்குக்குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி இறுக்கினார். கடைசியில் விளிம்பைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"இனி தொரையக் கண்டா பறந்துடுங்க" என்றார். மறுபடி ஒரு சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. அதே சேலை, அதே ஏற்றம். முன்னால் அதே தடி, அதே நாய். சத்தியமாகச் சொல்கிறேன், முந்திப் போகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் கை குறைத்துவிட்டது.

இந்தத் தடவை அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"தொரை! கொஞ்சம் ஒதுங்குங்க, எங்களுக்கு நேரமாச்சு!"

துரை சட்டென்று நாயை இழுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். முகத்தில் கோபமே இல்லை. "போ, மாஸ்டர், போ. அன்னிக்கும் நம்ம பின்னால மெதுவா வந்ததுதானே? சைக்கிள் சொகமில்லேன்னு நெனைச்சது" என்றார், துரைமார் பேசுகிற அந்த உடைந்த தமிழில்.

"ஆமாங்க தொரை. சைக்கிள்தான் சரியில்லீங்க."

சொல்லிவிட்டுத்தான் கவனித்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அவள் பின்னால் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் இறங்கி, ஹேண்டிலைப் பிடித்தபடி ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏறுங்க" என்றாள் மெதுவாக.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வேலையும் கிடைத்தது. நானாவின் கடையில் ஊருக்கே கேட்கும்படி என்னைப் போட்டுக்கொடுத்தவள், அந்தக் காலை நான் இறங்கி நின்றதை மட்டும் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.