ஜட்கா வண்டியும் கடிக்கிற பையனும்

ஆம்பூர் மிஷன் பள்ளியில் நாலு வயசுப் பிள்ளைகளுக்கு நான் டீச்சரானபோது எனக்கே இருபது வயசு ஆகவில்லை. பிள்ளைகளைக் கூடி விளையாட விட்டால் விட்டுக்கொடுக்கிற குணம் தானாக வந்துவிடும் என்று பயிற்சியில் படித்திருந்தேன். அதை எழுதின மகான் எங்கள் தோல் மண்டிக்காரர் மகனைப் பார்த்ததில்லை. அவன் கையிலிருப்பதை யார் தொட்டாலும் கடிப்பான். என்னையும் கடித்திருக்கிறான்.

வகுப்பில் இருந்தது ஒரே மரக்குதிரை. அதற்காகத் தினமும் அடிதடி. ஒருநாள் வெறுத்துப்போய் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டேன்.

"இது ஜட்கா. ஒருத்தர் ஓட்டணும், மத்தவங்க ஏறணும். ஊர் வந்ததும் அடுத்த ஆளுக்கு விட்டுடணும்."

ஓட்ட எல்லாரும் தயார். குதிரையாக ஒருத்தரும் வரவில்லை. நானே புடவையைச் செருகிக்கொண்டு, கயிற்றைப் பல்லில் கடித்தபடி பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டேன்.

மண்டிக்காரர் மகன் ஏறினான். ஊர் வந்தும் இறங்க மாட்டேன் என்றான். மற்றவர்கள் சண்டை போடவில்லை, இறங்கிப் போய்விட்டார்கள். காலி வண்டியை எவ்வளவு நேரம் ஓட்டுவான்? கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான்: "வாங்க, நீங்களே ஓட்டுங்க."

அதற்குப்பின் வரிசையைப் பார்த்துக்கொள்வது அவன் வேலையாயிற்று. போலீஸ்காரன் தோற்றான்.

ஒரு காலை இன்ஸ்பெக்டரம்மா வந்தபோது நான் நாலு காலில் நின்றிருந்தேன். ஓட்டியது ஒரு தொழிலாளி மகள். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காதவள். அன்றுதான் திறந்தாள்.

"நட கழுத, துன்றது மட்டும் ஜாஸ்தி."

"இது என்ன பாடம்?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. என் பல்லில் கயிறு. அவர் பெஞ்சருகே வந்தார். மண்டிக்காரர் மகன் கையை நீட்டி மறித்தான்.

"பின்னாடி போ. ஒன் மொற இன்னும் வர்ல."

கூட வந்த தலைமையாசிரியைக்கு முகம் வெளுத்துவிட்டது. இன்ஸ்பெக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போய், மூக்கொழுகும் ஒரு பிள்ளைக்குப் பின்னால் நின்றார். முறை வந்ததும் ஏறி உட்கார்ந்து, அமிர்திக் காட்டுக்குப் போகவேண்டும் என்றார்.

"அங்க புலி கீது," என்றான் பையன். "பரவால்ல, நான் கூட வர்றேன்."

நல்ல கனமான அம்மாள். பெஞ்சு முனகியது. குதிரையான நான் மட்டும் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தேன்.