மிக்கேலம்மாளின் முதல் வெள்ளிகள்

வழி தெரியாத இடத்தில் நிற்கிற ஒருவர், வழியை யாரிடமும் கேட்கவும் மாட்டேன் என்றால், அதை விசுவாசம் என்பதா, பிடிவாதம் என்பதா? மிக்கேலம்மாளைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எப்போதாவது வந்திருக்கும். சட்டென்று விடை சொன்னவர்கள் அவசரப்பட்டவர்கள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் காயையும் பழத்தையும் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. பெரிய குணசாலி என்று யாரும் சொன்னதில்லை.

படுத்துவிட்ட நோயாளிகளுக்கு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை அப்பம் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று பங்குச் சாமியார் இனிகோ ஒரு ஞாயிறு பூசையில் கேட்டார். கிராமங்கள் பதினொன்று, அவர் ஒருவர். ஆண்கள் பக்கம் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மிக்கேலம்மாள் கையைத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் எந்தெந்த ஊர் என்று கேட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு கை உயர்ந்தது. ஆயரின் அனுமதி வந்தது. தருமபுரியில் மூன்று நாள் பயிற்சியும் நடந்தது. அவளுக்கு விழுந்தது கடைசி ஊர். மலையடிவாரத்தில் ஒரே ஒரு கத்தோலிக்க வீடு.

"வழியில நின்னு கதை பேசாதீங்க. நேரா போயிட்டு நேரா வாங்க" என்றார் சாமியார். அவளுடைய வாயை நினைத்துச் சொன்னது அது. அவள் அதை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள். அப்பம் இருக்கும் சிறிய சிமிழைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டினால், அது மறுபடி கோயிலுக்குத் திரும்பும்வரை அல்லது நோயாளியின் நாவைச் சேரும்வரை ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் டிக்கெட் உண்டு. கண்டக்டர் சின்னராஜ் முதல் நாளே திணறினார்.

"எங்கம்மா எறங்கணும்? காசா கேக்குறேன், ஊர் பேர்தான கேக்குறேன்?"

மார்க்கெட்டில் கூட வேலை செய்யும் கண்ணம்மாள் பின்சீட்டிலிருந்து சொன்னாள்: "அவ வாய்க்கு இன்னிக்கு லீவுங்க. நேத்து ஒரு பெட்டி தக்காளிக்கு மண்டியவே ரெண்டாக்கினா."

"இந்த வேண்டுதல எங்க வூட்டுக்காரிக்கும் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க" என்று சின்னராஜ் கடைசி ஊருக்கு டிக்கெட்டைக் கிழித்தார்.

அந்த ஒற்றை வீட்டில் படுத்திருந்தவர் சவரிராயன். எண்பத்து மூன்று வயது. இடுப்பு எலும்பு முறிந்தவர். இருதயமும் பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நன்மை, அதாவது நற்கருணை, வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவளைப் பார்த்ததும், "சாமி வரலயா?" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அழுகுன தக்காளி பொறுக்குற கை. அதுல நான் வாங்கமாட்டேன்."

"மாமா, எவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்காங்க" என்றாள் மருமகள் கேத்தரின்.

"வந்த வழி தெரியுமில்ல? போவச் சொல்லு."

மிக்கேலம்மாள் அரைமணி நேரம் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். பிறகு சிமிழைக் கொண்டுவந்த மாதிரியே திரும்பக் கொண்டுபோனாள். ஐந்து மாதம் இப்படியே. வேறு ஆளை அனுப்பட்டுமா என்று சாமியார் கேட்டார்.

"வேணாங்க சாமி. கை என்னுது. உள்ள இருக்குறது என்னுதா?"

சொல்லிவிட்டாளே தவிர, பயம் இருந்தது. தன் கை காரணமாக ஒரு மனிதர் நன்மை வாங்காமலே செத்துப்போவாரோ என்று தக்காளி அடுக்கும்போதெல்லாம் நினைத்தாள்.

ஜனவரி முதல் வெள்ளி. பஸ் ஸ்டாண்டில் பனி மூட்டம். வழக்கமான பஸ் பழுதாகி நின்றுவிட்டது; அது நிற்கும் இடத்தில் வேறொரு பஸ் நின்றது. அவள் ஏறிவிட்டாள். கண்டக்டரும் வேறு ஆள். பதில் வராததால் கடைசி நிறுத்தத்துக்கே டிக்கெட் கொடுத்துவிட்டார். பஸ் தெரியாத சாலையில் திரும்பியபோது அவளுக்குப் புரிந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இறக்கிவிட்டிருப்பார்கள். அவள் திறக்கவில்லை.

இறங்கிய இடத்தில் பனியைத் தவிர ஒன்றும் இல்லை. சவரிராயனின் ஊர் இந்த மலைக்கு அந்தப் பக்கமாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்து, நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஏறினாள். அறுத்த கேழ்வரகுத் தாள்கள் நனைந்து கிடந்தன. மாமரங்கள் பூவோடு பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்து, கடந்ததும் மறைந்தன. நடப்பது தானா, மரங்களா என்று தெரியாத நடை.

ஆடு மேய்க்கிற ராமக்காள் எதிரே வந்தாள். "யாரு வூட்டுக்கு?" என்று கேட்டாள். பிறகு கன்னடத்திலும் கேட்டுப் பார்த்தாள். நெஞ்சின்மேல் இருந்த கையைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"ஓ, வேண்டுதலா. சரி, பேசாத. நானும் பேசல."

அதன்பிறகு அவளும் பேசவில்லை. ஏழு ஆடுகளும் இரண்டு பெண்களும் பனிக்குள் ஏறினார்கள். ஆடுகளின் குளம்புச் சத்தம் மட்டும் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் கேட்டது. உச்சியில் பனி கலைந்தது. ராமக்காள் கீழே தெரிந்த ஊர்களைக் கோலால் ஒவ்வொன்றாகக் காட்டினாள். மூன்றாவதற்கு மிக்கேலம்மாள் தலையாட்டினாள். ராமக்காள் ஒற்றையடிப் பாதையைக் காட்டிவிட்டு ஆடுகளோடு திரும்பிவிட்டாள். நன்றி சொல்லவும் வழியில்லை.

இதை அற்புதம் என்று சொல்லத் தேவையில்லை. பஸ் மாறி ஏறிய ஒருத்தி மலையைக் கடந்தாள். கடவுளைச் சுமக்கிறோம் என்று நம்பியபடி கடந்தாள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போனபோது மதியம் தாண்டிவிட்டது. சவரிராயனின் கட்டில் வாசலோரம் இழுத்துப் போடப்பட்டிருந்தது. "காலையில இருந்து ரோட்டையே பாக்குறாரு. பஸ்ஸே வரல, வரமாட்டாங்கன்னு சொன்னேன், கேக்கல" என்றாள் கேத்தரின்.

கிழவர் அவளுடைய சேலை ஓரத்தில் ஒட்டியிருந்த முட்களைப் பார்த்தார். "எப்படி வந்த?"

அவள் மலையைக் காட்டினாள்.

"வழி யாருகிட்டயும் கேக்கலயா?"

இல்லை என்று தலையசைத்தாள். அவர் நன்மை வாங்க வாயைத் திறக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பவும் இல்லை. "அடுத்த மாசம் சாமியக் கூட்டிட்டு வா. நீயும் வரணும்" என்றார்.

பிப்ரவரியில் சாமியார் சிமிழோடு பைக்கில் வந்தார். மிக்கேலம்மாள் பஸ்ஸில், வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். சாமியார் ஜெபம் முடித்துச் சிமிழைத் திறந்தபோது சவரிராயன் கையைத் தூக்கித் தடுத்தார்.

"நீங்க வேணாம் சாமி. அந்தம்மா கையில குடுங்க. அது குடுக்கட்டும்."

கேத்தரின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாமியார் சிரித்தபடி சிமிழை நீட்டினார். ஆறு மாதமாக அவள் வந்துபோனது இதற்காகத்தான்.

மிக்கேலம்மாள் கட்டிலுக்கு அருகே முழங்காலிட்டாள். இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டாள். "நீங்களே குடுங்க சாமி."

சாமியார் இன்னொருமுறை நீட்டினார். அவள் கையைப் பிரிக்கவில்லை. கடைசியில் கிழவர் சாமியாரைப் பார்த்து வாயைத் திறந்தார்.

வெளியே வந்தபிறகு கேத்தரின் கேட்டாள். "அவரே கேட்டாருல்ல. ஏன்க்கா?"

என் கைக்காகவா அவர் வாங்கவேண்டும், கஞ்சி ஆறிவிடும், மாமனாருக்கு முதலில் அதைக் கொடு என்றாள் மிக்கேலம்மாள்.