எந்தச் சாமிக்கென்று தெரியாத நேர்த்தி

என் கணவருடைய அக்காவுக்கு, அதாவது என் மச்சாளுக்கு, சூரிச்சில் முழங்கால் மாற்றினார்கள். பழையதை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றை வைத்து அனுப்பினார்கள். சில மாதங்களில் மச்சாள் ட்ராம் பிடிக்க ஓடத் தொடங்கிவிட்டார். அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோலோதுர்னில் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மயக்க மருந்து கொடுத்த நேரத்தில் தான் ஒரு நேர்த்தி வைத்ததாகச் சொன்னார். கால் சரிவந்தால் நடந்தே வந்து கும்பிடுகிறேன் என்று.

எந்தச் சாமிக்கு என்று அவருடைய மகன் கேட்டான். அதுதான் தெரியவில்லை என்றார் மச்சாள். பெயரைச் சொல்வதற்குள் மருந்து ஏறிவிட்டதாம்.

குடும்பம் முழுக்கக் கூடி யோசித்தது. பிள்ளையாராக இருக்கலாம் என்றார் என் கணவர். அம்மனாக இருந்து, நாங்கள் பிள்ளையாரிடம் போய்விட்டால் வில்லங்கம் என்றாள் மச்சாளின் மருமகள். அதோடு இந்த நாட்டில் எங்கள் கோயில்கள் பெரும்பாலும் தொழிற்பேட்டைகளில், டயர்க் கடைக்கும் குளியலறைச் சாமான் கடைக்கும் நடுவில் இருக்கின்றன. நடந்து போனால் நெடுஞ்சாலைப் பொலிஸ்காரன் பிடிப்பான்.

மச்சாள் ஏற்கெனவே முடிவு எடுத்திருந்தார். இந்த நாட்டின் குறுக்கே ஸ்பெயின் வரைக்கும் போகிற பழைய யாத்திரைப் பாதை ஒன்று இருக்கிறது. சிப்பிப் படம் போட்ட பலகைகளைப் பார்த்துப் பார்த்து நடக்கலாம். வழியெல்லாம் மடங்களும் சின்னக் கோயில்களும். இருக்கிற எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டு போனால் உரிய ஆளுக்கும் போய்ச் சேரும்தானே என்றார். ஃப்ரிபூரில் தொடங்கி ரோமோன் வரைக்கும், மூன்று நாள்.

துணைக்குத் தம்பிதான் போக வேண்டும். தம்பிக்கு, அதாவது என் கணவருக்கு, அந்தக் கிழமையே முதுகு பிடித்துக்கொண்டது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். நடக்க ஏலாத ஆட்களோடு பழக்கம் என்று என்னை அனுப்பினார்கள். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கோயிலுக்குப் போவது வடைக்காக. மச்சாளுக்கும் எனக்கும் இடையில் சண்டை என்று ஒன்றும் இல்லை, பேச்சென்றும் ஒன்றும் இல்லை. இருபது வருடமாக, சோறு குழைந்துவிட்டதா இல்லையா என்பதைத்தான் கதைத்து வந்திருக்கிறோம்.

மே மாதம். மச்சாள் நீலக் காற்சட்டையும் புதுச் சப்பாத்தும் போட்டு, நெற்றியில் பெரிய பொட்டும் வைத்து பேர்ன் ஸ்டேஷனில் நின்றார். முதுகுப்பையின் வெளிப்பொக்கற்றில் கற்பூரப் பெட்டி தெரிந்தது.

ஃப்ரிபூரில் முதலில் கீழ்நகரத்துக்கு இறங்கினோம். ஆறு, அதன் மேல் கூரை போட்ட மரப்பாலம், பாலத்தைத் தாண்டினால் பழைய நகரவாசல். அங்கிருந்து மதிலும் கோபுரங்களுமாக மலைச்சரிவில் ஏறிப் போகின்றன. உல்லாசப் பயணிகள் அதன் முன்னால் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மச்சாள் வாசலின் கீழ் நின்று, மேலே இருந்த அம்பு விடும் ஓட்டைகளைக் கனநேரம் பார்த்தார். அவர் கலியாணம் முடித்துப் போன வீடு யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கிட்ட. உள்ளே ஆமிக்காரன், வெளியே இயக்கம், நடுவில் விழுந்த ஷெல்லுக்கெல்லாம் இவர்களுடைய கூரை.

“உள்ளுக்கை இருந்த சனத்துக்கோ, வெளியில இருந்த சனத்துக்கோ கூடக் கஷ்டம்?” என்று கேட்டார்.

தெரியாது, போர்டு பிரெஞ்சில் இருக்கிறது என்றேன்.

“போர்டில அது எழுதியிருக்காது” என்றார். பிறகு தானும் வாசலில் சாய்ந்து நின்று, தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். பல்லைக் காட்டவில்லை. அவ்வளவுதான், அந்தக் கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

மேல்நகரத்துக்கு ஏற ஒரு கயிற்று ரயில் உண்டு. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் ஊரின் கழிவுநீரை நிரப்புவார்கள். அந்தப் பாரத்தில் அது கீழே இறங்க, கீழே நிற்கும் பெட்டி மேலே வரும். நாங்கள் ஏறியதும் மச்சாள் மூக்கைச் சுளித்து, என்ன மணம் என்று கேட்டார். விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, இது கெட்டிக்கார ஊர் என்று பாராட்டினார். நடந்து வருகிறேன் என்றல்லவா நேர்த்தி என்று நான் நினைவூட்டினேன். ஏற்றம் கணக்கில் வராது, அது டொக்டருடைய பகுதி என்றார்.

ஊரைத் தாண்டியதும் பாதை கடுகுப்பூ வயல்களுக்குள் இறங்கியது. பழைய கல்பாலம் ஒன்றின் பக்கத்தில் ஒரு குட்டிக் கோயில். அந்தப் புனிதையின் பல்லையெல்லாம் பிடுங்கிக் கொன்றார்களாம். அதனால் இப்போது பல்வலிக்காரர்களை அவர்தான் பார்க்கிறார். இதை நான் போனில் வாசித்துச் சொன்னதும் மச்சாள் சிலையின் முன்னால் போய் வாயை ஆவென்று திறந்து காட்டினார். மேல்வரிசைப் பல்செட் ஒரு மாதமாகச் சரியாகப் பொருந்தவில்லையாம். கற்பூரப் பெட்டியை எடுத்தார். தீயணைப்பு வண்டி வரும் என்றேன். திரும்பவும் உள்ளே வைத்தார்.

அன்றைக்குத் தங்கல் ஆற்று வளைவில் இருக்கும் ஒரு துறவிகள் மடத்தில். நூற்றாண்டு நூற்றாண்டாக அங்கே வெள்ளை அங்கியும் கறுப்பு மேலாடையுமாக ஆட்கள் எழும்பிப் பாடி, சாப்பிட்டு, திரும்பவும் பாடுகிறார்கள். மாலைப் பாட்டுக்கு நாங்களும் போய்ப் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்தோம். சுருதி நல்லாய்த்தான் இருக்கிறது, ஆனால் ஒரு மிருதங்கக்காரன் இருந்தால் கெதியாய் முடியும் என்று மச்சாள் என் காதுக்குள் சொன்னார்.

வில்லங்கம் சாப்பாட்டில் வந்தது. விருந்தினர் உணவறையில் பேசக் கூடாது. பெண்களுக்கென்று ஒரு மேசை: நாங்கள் இருவர், ஜெர்மன்காரிகள் இருவர், லுசேர்னிலிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. அவித்த உருளைக்கிழங்கு, பாற்கட்டி, உப்பில்லாத சூப். மச்சாளின் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மெல்லக் காற்சட்டைப் பொக்கற்றிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். வீட்டில் இடித்த மிளகாய்ச் சம்பல். மூடி இறுகியிருந்தது. அந்த அமைதியில் அது திறந்த சத்தம் பட்டாசுபோலக் கேட்டது. மணம் மேசை முழுக்கப் பரவியது. ஆசிரியை தும்மினார்.

எதிரே இருந்த ஜெர்மன்காரி தன் தட்டை நீட்டினார். மச்சாள் ஒரு கரண்டி வைத்தார். மற்றவர்களும் நீட்டினார்கள். கொஞ்சமாகப் போடுங்கோ என்று சொல்ல எனக்கு வழியில்லை; கையைக் காட்டினேன், இன்னும் போடச் சொல்கிறேன் என்று விளங்கிக்கொண்டார். சற்று நேரத்தில் மூன்று பெண்களும் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்கள். மூக்குகள் சிவந்தன. ஒருத்தி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து, விருந்தினரைக் கவனிக்கும் வயதான துறவி எட்டிப் பார்த்தார். கண்ணீரோடு தலைகுனிந்து இருக்கும் பெண்களைக் கண்டார். அவருடைய முகம் கனிந்துபோயிற்று. இரண்டு கையையும் சேர்த்து எங்களைப் பார்த்து வணங்கிவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார். நான் மேசைத்துண்டை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். மச்சாளின் தோள் குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

இரண்டாம் நாள் மழை. மடத்தில் இருந்து ஏறி, ஒரு நீரூற்றுக் கோயில் வரைக்கும் நடந்தோம். நோய்க்கு நல்ல தண்ணீர் என்றார்கள். மச்சாள் போத்தலில் பிடித்துக் கால் முழுக்கப் பூசினார், எனக்கும் கொஞ்சம் தந்தார். எனக்குக் குதிக்காலில் கொப்புளம். ஆஸ்பத்திரி முழங்காலோடு அவர் முன்னே போக, நான் பின்னே நொண்டிக்கொண்டு போனேன். எதிரே வந்த ஒரு விவசாயி என்னைத்தான் நேர்த்திக்காரி என்று நினைத்திருப்பான். அடுத்த கிராமத்தில் பஸ் ஒன்று வந்தது. மச்சாள் யோசிக்காமல் கையைக் காட்டினார். அன்றைக்கு ஒரு பண்ணையில் வைக்கோல் படுக்கை. அவர் நித்திரை கொண்டார், நான் சொறிந்தேன்.

மூன்றாம் நாள் வெயில் திரும்பியது. ரோமோன் ஒரு வட்டக் குன்றின் உச்சியில், சுற்றிவர மதிலோடு தூரத்திலிருந்தே தெரிந்தது. குன்றின் அடியில் கன்னியாஸ்திரிகள் மடம் ஒன்று. உள்ளே போனோம். ஜன்னல் கண்ணாடிகளின் வழியாக வந்த வெளிச்சம் சுவரிலும் வாங்கிலும் மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்தது. பாட்டு முடிந்து கன்னியாஸ்திரிகள் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும்தான். எனக்குக் கால் எரிந்தது, ஸ்டேஷன் நினைவாகவே இருந்தது.

“மச்சாள், இதுதான் கடைசி. நேத்தியை இஞ்சையே முடிச்சுவிடுங்கோ” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்ன நேத்தி?”

மருந்து இன்னும் இறங்கவில்லையோ என்று ஒரு கணம் பயந்தேன்.

“நேத்தி ஒண்டும் வைக்கேல்லை. ஊசி போட்டவுடனை நான் நித்திரை” என்றார். “இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருசம். நான் பார்த்தது கடை, மகன்ரை வீடு, என்ரை வீடு. பேரியன், லீவுக்குச் சுத்திப் பார்க்கப் போறன் எண்டு சொல்லியிருந்தால் ஆரோடை, ஏன், இந்தக் காலோடை எங்கை, பேரப்பிள்ளையளை ஆர் பார்க்கிறது எண்டு நூறு கேள்வி. நேத்தி எண்டால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்.”

தம்பி வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். இப்படிப்பட்ட நேரத்தில் அவனுக்கு முதுகு பிடிக்கும் என்று சின்னனிலிருந்தே தெரியும் என்றார். வேறு யார் வந்தாலும் வழியெல்லாம் தேவாரம் படிக்கச் சொல்லியிருப்பார்கள்.

“நீர் ஒண்டையும் நம்பாத ஆள். அதுதான் உம்மை அனுப்புவினம் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்.”

முதலில் கோபம் வந்தது. லீவு போட்டு, குதிக்கால் உரிந்து, வைக்கோலில் படுத்து எழும்பியிருக்கிறேன். வாயைத் திறந்தேன். ஆனால் பச்சைத் தண்ணீரைப் பூசிக்கொண்டு நின்ற அந்தக் காலும், பல்லுக்காகத் திறந்த அந்த வாயும் நினைவுக்கு வந்தன. அப்படியென்றால் அதெல்லாம் என்ன என்று கேட்டேன். போற வழியில் இருக்கிறவர்களைக் கண்டும் காணாத மாதிரிப் போகலாமோ, அது மரியாதையில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வெடித்தது. மெழுகுதிரி அணைக்க வந்த ஒரு கன்னியாஸ்திரி எங்களைப் பார்த்துவிட்டு, அணைக்காமலே திரும்பிப் போனார்.

ரோமோனுக்கு ஏறி, மதிலின் மேல் நடந்து, ஒரு கோபுரத்தடியில் இருந்து பாணும் பாற்கட்டியும் சாப்பிட்டோம். கீழே வயல்கள், மாடுகள், ரயில்பாதை, தூரத்தில் பனிமலைகள். அந்த மலைக்கு என்ன பெயர் என்று மச்சாள் கேட்டார். தெரியாது என்றேன். தனக்கும் தெரியாமல் இருப்பது நல்லாய்த்தான் இருக்கிறது என்று சொல்லிக் காலை நீட்டிக்கொண்டார்.

சூரிச் திரும்பியதும் மகன், எந்தச் சாமி என்று தெரிந்ததா என்று கேட்டானாம். வழியில் கனபேர் இருந்தார்கள், எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது என்றிருக்கிறார். செய்தி லாங்ஸ்ட்ராசத் தெருவில் இருக்கிற தமிழ்க்கடை வரைக்கும் போய்விட்டது. அரிசி வாங்க வந்த ஒரு பெண் மச்சாளின் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். மச்சாள் தடுக்கவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. போன வசந்தத்தில் பெலின்சோனாவுக்கு ஒரு நேர்த்தி வந்தது. அங்கே மூன்று கோட்டைகள். இரண்டுக்கு ஏறினோம். மூன்றாவதுக்குப் போகிற வழியில் ஒரு ஐஸ்கிரீம் கடை இருந்தது. நிழலில் கதிரை போட்டிருந்தார்கள். பின்னேர ரயில் வரும் வரைக்கும் அங்கேயே இருந்து கதைத்தோம்.